ஒரு கிறிஸ்துமஸ் படமும் ஒரு தத்துப்பிள்ளையும்



லீவுக்கு வந்த பேத்தி நேற்று ‘எ கிறிஸ்மஸ் பிரின்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டாள். தியேட்டருக்கு வராமல் வீட்டில் பார்ப்பதற்கென்றே 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட காதல் படம். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உங்களிடம் கொட்டிவிடுகிறேன்.

ஆல்டோவியா என்று இல்லாத ஒரு நாடு. செய்தி சேகரிக்கப் போன அமெரிக்கப் பத்திரிகைக்காரி ஆம்பரை, குட்டி இளவரசிக்குப் பாடம் சொல்ல வந்த டீச்சர் என்று நினைத்துவிடுகிறார்கள். அவளும் ஆமாம் என்று தலையாட்டி அரண்மனையிலேயே தங்கி உளவு பார்க்கிறாள். டீச்சர் என்றால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் வேஷமா? பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் பாடக்குறிப்பு எழுதி விரல் தேய்ந்தவள் கேட்கிறேன்.

சில நாளிலேயே இளவரசன் ரிச்சர்டோடு காதல். கோமதி அம்மன் தவமிருந்த ஊர்க்காரர்கள் நமக்கு இது கொஞ்சம் அவசரமாகத்தான் படும். போகட்டும்.

என் கோபம் வேறு. ரிச்சர்டு தத்துப்பிள்ளை. அது அவனுக்கே தெரியாது. முடிசூட்டும் சபையில் எதிராளிகள் அந்தக் காகிதத்தைக் காட்டுகிறார்கள். ரத்த வாரிசு இல்லையாம், அதனால் சிம்மாசனமும் இல்லையாம். டல்ஹௌசி பாடம் ஞாபகம் இருக்கிறதா? ஜான்சி ராணியின் தத்துப்பிள்ளைக்கு உரிமையில்லை என்று 1854-ல் நாட்டையே பிடுங்கிக்கொண்டார்களே, அதே நியாயம். அது தப்பு என்று படத்தில் ஒருவராவது சொல்ல வேண்டாமா? ஓக் கொட்டை மாதிரி செய்த ஒரு அலங்காரப் பொம்மைக்குள் செத்துப்போன ராஜா ஒளித்து வைத்த ஆணை அகப்படுகிறது. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. காகிதம் கிடைக்காவிட்டால் அவன் பிள்ளை இல்லையா?

அதுவும் கிறிஸ்துமஸ் கதையில்! யோசேப்பு பெற்ற தகப்பனா? வளர்த்த தகப்பன். மத்தேயு முதல் அதிகாரத்தில் தாவீது ராஜாவின் வம்சவரிசை அந்த வளர்த்த தகப்பன் வரைக்கும்தான் வந்து நிற்கிறது. என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். படம் எடுத்தவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை போல.

“படம்தானே ஆச்சி” என்கிறாள் பேத்தி. வளர்ப்புப் பிள்ளை உள்ள வீட்டிலும் இது ஓடும், கண்ணு.

நாலாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் சொல்ல மாட்டேன், இதை அவனும் படிப்பான். சண்டையில் ஒருத்தன் “உன்னை எடுத்துல்லா வளக்காங்க” என்று சொல்லிவிட்டான். “அது பொய்யா டீச்சர்?” என்று என்னிடம் வந்து கேட்டான். “வீட்டில் போய்க் கேள்” என்று நழுவிவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். மறுநாள் காலை அவன் அப்பா தறியிலிருந்து அப்படியே வந்திருந்தார், தலையெல்லாம் பஞ்சு. வகுப்பு வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னார்: “ஆமா டீச்சர், எடுத்துத்தான் வளக்கோம். எங்க பிள்ளதான். ராத்திரியே அவங்கிட்ட சொல்லிட்டோம்.”

இந்தப் படத்துக்கு 2018-லும் 2019-லும் அடுத்தடுத்த பாகங்கள் வந்திருக்கின்றனவாம். இன்று ராத்திரி பார்க்கலாம் என்கிறாள் பேத்தி. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.