ஆற்காட்டுக் காற்றும் அறிஞர் அவையும்

இலக்கியம் பேசுகிற நாம், காற்றையும் மழையையும் அளப்பவர்களின் ஆய்விதழ்களைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஒரு நூலை இயற்றியவர் அது உயர்ந்ததென்று தாமே சொல்லிக்கொண்டால் போதாது. கற்றோர் அவையில் அதைப் படித்து, எழுந்த தடைகளுக்கு விடை கூறிய பின்னரே அது நூல் என்று ஏற்கப்படும். இந்நெறிக்கு அரங்கேற்றம் என்று பெயரிட்டு வைத்திருந்தது நம் மரபு. கம்பர் திருவரங்கத்தில் காத்துக் கிடந்த கதையும், பாட்டை எழுதியவர் இறைவனே ஆனாலும் குற்றம் குற்றமே என்று நின்ற நக்கீரர் கதையும் வரலாறாக இருக்கலாம், புனைவாக இருக்கலாம். எழுதியவரின் பெருமை எழுத்துக்குச் சான்றாகாது என்பதே அக்கதைகளின் உட்பொருள். இன்றைய அறிவியல் உலகில் அந்த அவையின் இடத்தில் இருப்பது சக அறிஞர் மதிப்பாய்வு. ஆற்காட்டு மண்ணில் வாழ்வோருக்கு இந்த அவை மிகவும் தேவை என்பது நமது கருத்து.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுவோம். ஆய்வுக் கட்டுரை இதழாசிரியரின் கைக்குப் போகிறது. இதழுக்குப் பொருந்தாதது, தொடக்கத்திலேயே பிழை தெரிவது ஆகியவை அங்கேயே திரும்பிவிடும். மற்றவை அத்துறையில் உழைக்கும் இருவருக்கோ மூவருக்கோ அனுப்பப்படும். அவர்களுக்கு இதற்காகப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. பெரும்பாலான இதழ்களில் அவர்கள் யாரென்பது ஆய்வாளருக்குத் தெரிவதுமில்லை. கருவியை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள், எத்தனை நாள் அளந்தீர்கள், விடுபட்ட நாள்களை என்ன செய்தீர்கள், வேறு காரணம் இருக்கலாகாதா என்று அவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆய்வாளர் விடை எழுதவேண்டும், அல்லது கட்டுரையைத் திருத்தவேண்டும். மாதங்கள் ஆகும். இறுதியில் ஏற்கப்படலாம், மறுக்கப்படவும் செய்யலாம்.

இந்த அவை நமக்கு அயலானதன்று. கோடையில் நம் தலைக்கு மேல், ஏறத்தாழச் சென்னையின் அட்சரேகையை ஒட்டி, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பெருங்காற்று விரைகிறது. தென்மேற்குப் பருவமழையோடு நெருங்கிய உறவுடைய இக்காற்றோட்டத்தை விரித்துரைத்த கட்டுரையை, இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம் 1958இல் சுவீடனிலிருந்து வெளிவந்த டெல்லஸ் ஆய்விதழில் வெளியிட்டார். அதே இதழில் 1962இல், பருவமழை இடையில் ஓய்ந்துவிடுவது ஏன் என்பதை ஆராய்ந்தார் சி. ராமஸ்வாமி.

பின்னர் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட காதங்கியில் ஒரு பெரிய ரேடார் எழுந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை அந்நிலப்பரப்பு வட ஆற்காட்டைச் சேர்ந்தது. 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்ட திடலில் 1024 யாகி ஆண்டெனாக்களை நிறுத்தி, 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானத்துக்கு அனுப்பி, மேகமற்ற காற்றின் சலனத்திலிருந்தே எதிரொலி வாங்கும் கருவி அது. அக்கருவியின் அமைப்பையும் அது அளந்த காற்றின் மாதிரிகளையும் விவரித்து பி. பி. ராவ் குழுவினர் எழுதிய கட்டுரை 1995இல் ரேடியோ சயின்ஸ் இதழில் வந்தது. கண்டுபிடிப்புகளை நம்பு என்று உலகிடம் கேட்பதற்கு முன் கருவியே அவையேறி நின்றது. இந்த வரிசைதான் நாம் கற்கவேண்டியது.

இனி தரைக்கு இறங்குவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழிற்பட்டையின் கழிவுநீர் பாலாற்றை என்ன செய்தது என்பது தெரிந்த கதை. உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996 அன்று வழங்கிய தீர்ப்பில் ஓர் எண் இருக்கிறது: தொழிற்பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்பது அது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் தந்த மதிப்பீடு. எங்கள் நிலம் கெட்டுவிட்டது என்று உழவர்கள் எத்தனை ஆண்டு கதறியிருப்பார்கள்! கதறலோடு ஓர் அளவும் சேர்ந்தபோது வழக்குக்கு வலு கூடியது.

நிலத்துக்கு எண் வந்தது. காற்றைப் பற்றிய நம் பேச்சோ பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடுகிறது. மூக்கு நல்ல சாட்சியன்று. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தச் சல்பைடு கழிவில் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் உடைய இவ்வாயு சற்று மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டதென்று மூக்கு சொல்லும் நேரம்தான் ஆபத்து மிகுந்த நேரமாக இருக்கலாம். ஆகவே அளக்கவேண்டும். அளந்தால் மட்டும் போதுமா?

ஆம்பூர்க் கல்லூரி மாணவர் ஒருவர், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் தூசு உணரியை மாடியில் வைத்து மார்கழி முழுதும் அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் நுண்தூசு இருமடங்காகிறது என்று எழுதுகிறார். மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது பனியைப் பற்றியதாகவே இருக்கும். இவ்வகை உணரிகள் ஒளிச்சிதறலை வைத்துத் தூசை மதிப்பிடுபவை. காற்றில் ஈரம் மிகும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, இல்லாத தூசையும் இருப்பதாகக் காட்டும். ஈரப்பதத்தையும் உடன் அளந்தீரா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தரமான கருவியருகே சில வாரம் வைத்து ஒப்பிட்டீரா? காற்று எத்திசையிலிருந்து வீசியது? பக்கத்தில் குப்பை எரித்தார்களா? நெடுஞ்சாலை எவ்வளவு தூரம்?

இக்கேள்விகள் மாணவருக்கு எரிச்சலூட்டும். ஆனால், இதே கேள்விகளை நாளை ஆலை உரிமையாளரின் வழக்கறிஞர் கேட்பார் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவேண்டும். நீதிமன்றத்தில் முதன்முறையாகக் கேட்கப்பட்டால் வழக்கு விழும். பாதிக்கப்பட்ட தெரு மக்கள் விழுவார்கள். ஆய்விதழில் கேட்கப்பட்டால் கட்டுரை திருந்தும். நமக்கு வேண்டியவரின் முகத்தோடு வரும் கடுமையாகவே மதிப்பாய்வைக் கொள்ளவேண்டும்.

பெரியவர்களுக்கும் இதே விதிதான். மதுரையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ. ராமநாதன், குளிர்பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் புவியை வெப்பமாக்கவும் வல்லவை என்று 1975இல் சயின்ஸ் இதழில் காட்டியவர். 1999இல் இந்தியப் பெருங்கடல் ஆய்வை அவரும் பால் குருட்சனும் தலைமையேற்று நடத்தினர். தெற்காசியாவின் மேல் பரந்து கிடக்கும் பழுப்புப் புகைமூட்டம் அளக்கப்பட்டது. ஆகஸ்ட் 2002இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் இதை ஓர் அறிக்கையாக வெளியிட்டதும் 'ஆசியப் பழுப்பு மேகம்' உலகச் செய்தித்தாள்களில் பரபரப்பாயிற்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜே. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் அதே ஆண்டில் கரண்ட் சயின்ஸ் இதழில் மறுப்பு எழுதினர். பனிக்காலத்துச் சில மாதங்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு பருவமழையைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசலாமா என்பது அவர்கள் வினாவின் சாரம். ராமநாதன் குழுவினர் அதே இதழில் விடை எழுதினர். பின்னர் அத்திட்டத்தின் பெயரிலிருந்து 'ஆசிய' என்ற சொல் நீங்கி 'வளிமண்டல' என்ற சொல் வந்தது. செய்தித்தாள் எழுப்பிய புழுதி அடங்கிவிட்டது. ஆய்விதழில் நடந்த வாதமோ இன்றும் எடுத்துப் படிக்கக் கிடக்கிறது.

பெரிய நிறுவனங்களுக்குத்தானே இதெல்லாம், வட்டாரக் கல்லூரி ஆசிரியர் என்ன செய்வார் என்று கேட்பது இயல்பு. அண்டார்டிகாவின் ஓசோன் இழப்பை உலகறியச் செய்தவர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் என்ற மூவர். செயற்கைக்கோள் அவர்கள் கையில் இல்லை. தரையில் நிறுத்திய டாப்சன் கருவியும் ஆண்டுக்கணக்காகத் தவறாமல் எழுதிவந்த குறிப்புகளும் இருந்தன. 1984 டிசம்பரில் அனுப்பப்பட்ட அக்கட்டுரை 1985 மே மாதம் நேச்சர் இதழில் வந்தது. இரண்டே ஆண்டுகளில் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரே இடத்தில் நின்று நெடுநாள் அளப்பது சிறிய ஊர்களுக்கும் கைகூடக்கூடிய வலிமையே.

இவ்வலிமையைக் கெடுப்பது ஒன்று உண்டு. பணம் கட்டினால் மூன்று நாளில் 'மதிப்பாய்வு' முடித்து அச்சேற்றித் தரும் போலி இதழ்கள். இப்பெருக்கத்துக்கு ஆசைப்பட்ட ஆசிரியரை மட்டும் பழிப்பது நேர்மையன்று. கட்டுரை எண்ணிக்கையைப் பதவி உயர்வோடு கட்டிய பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்கும் பங்குண்டு. முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு கட்டுரையேனும் வெளியிடவேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு விதி 2022இல் நீக்கப்பட்டது; போலிகளைக் களைய 2018இல் தொடங்கிய இதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இப்போது பொறுப்பு கல்லூரிகளின் தலையில் விழுந்திருக்கிறது. போலி இதழில் வந்த கட்டுரை ஆசிரியருக்கு மதிப்பெண் தரலாம்; ஆம்பூர்த் தெருவில் இருமும் குழந்தைக்கு அதனால் பயன் ஏதுமில்லை. உண்மையான அளவாக இருந்தால் இன்னும் மோசம்: யாரும் நம்பாத இடத்தில் அது புதைந்துபோகிறது.

நல்ல இடங்கள் இருக்கின்றன. இந்திய வானிலைத் துறை 1950இல் தொடங்கிய ஆய்விதழ் 1979 முதல் மௌசம் என்ற பெயரில் வருகிறது. பெங்களூரிலிருந்து 1932 முதல் கரண்ட் சயின்ஸ் வருகிறது. 2001இல் ஐரோப்பாவில் தொடங்கிய அட்மாஸ்ஃபெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் பிசிக்ஸ் என்னும் இதழ், மதிப்பாய்வாளரின் கேள்விகளையும் ஆய்வாளரின் விடைகளையும் எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. அனுப்புவதற்கு முன் மாணவர்கள் அவற்றில் பத்து உரையாடல்களையாவது படிக்கவேண்டும். மறுப்பை எப்படி எதிர்கொள்வது என்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கற்க இயலாது.

நாம் வேண்டுவது இன்னும் ஒன்று. இக்கட்டுரைகள் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன; வெளிவரட்டும், அந்த அவையின் மொழி அது. ஆனால் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் காற்றையோ மழையையோ பற்றி ஒரு கட்டுரை ஏற்கப்பட்டவுடன், அதன் சாரத்தை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி அவ்வூர் நூலகத்திலும் நகராட்சியிலும் வைக்கவேண்டும். எங்கே அளந்தார்கள், எத்தனை நாள், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். அரங்கேற்றம் புலவர்களோடு முடிந்துவிடுவதில்லை; அவை ஏற்ற நூலை ஊர் கேட்கவேண்டும். அந்த ஒரு பக்கத்தை எழுதித் தருவதில் தமிழ் படித்தவர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. அறிவியல் ஆசிரியர்கள் அழைத்தால் மட்டும் என்று காத்திராமல், நாமே சென்று கேட்போம்.