யார் யாருக்குப் பயிற்சி?

ராமநாதபுரத்தில் ஒரு பன்னாட்டு வளர்ச்சி நிறுவனத்தின் கள அலுவலகத்தை 2014 முதல் ஆறு ஆண்டுகள் நிர்வகித்தேன். பாலினச் சமத்துவத்தை வளர்ப்பதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், அது அந்த ஒரு நிறுவனத்தின் கோளாறு என்று மற்ற நிறுவனங்கள் நிம்மதியாக இருந்துவிடும். நான் வெளியில் நின்று கல்லெறிபவள் அல்ல. ஆறு ஆண்டும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவள். இங்கே வைக்கும் குற்றச்சாட்டுகளில் பாதி என்மீதுதான்.

முதலில் பாம்பனில் நடந்த ஒரு பயிற்சி. பெண்களின் வேலைச் சுமையை அவர்களுக்கே புரியவைக்க ஒரு பயிற்சி முறை உண்டு. சார்ட் தாளில் பெரிய கடிகாரம் வரைந்து, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள் என்று கேட்டு நிரப்பச் சொல்வோம். பக்கத்தில் கணவரின் கடிகாரம். இரண்டையும் ஒப்பிட்டதும் பெண்களுக்கு விழிப்புணர்வு வந்துவிடும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. அன்று முன்வரிசையில் இருந்த பாசி எடுக்கும் அம்மா ஒருவர் சொன்னார்: "எங்களுக்கு மணிக்கணக்கு கெடையாது தாயி. கடல் வத்துற நேரந்தான் கணக்கு. இன்னிக்கு அமாவாசைக்கு மறுநாள். பாசிக்குப் போயிருக்கணும். நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தோம். ஒரு டீயும் வடையும் குடுத்து ஒரு நாள் பொழப்ப வாங்கிட்டீங்க."

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தத் தேதியைத் தீர்மானித்தது யார் என்று எனக்குத் தெரியும். டெல்லி அலுவலகத்தில் காலாண்டு முடிகிறது, செலவுக் கணக்கை முடிக்க வேண்டும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. நிலவின் கணக்கு எங்கள் அட்டவணையில் இல்லை.

பாசி எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று இதைப் படிக்கும் மாணவிகளில் பலருக்குத் தெரிந்திருக்காது. விடியும் முன்னே பெண்கள் கூட்டாக ஒரு வத்தையில் ஏறி, டீசல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு தீவுகளுக்குப் போவார்கள். பவளப்பாறை காலைக் கிழிக்காமல் இருக்கச் செருப்பைக் கட்டிக்கொள்வார்கள், விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். கண்ணாடி மாட்டி மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் சேர்ப்பார்கள். அகர் அகரும் ஆல்ஜினேட்டும் செய்யும் ஆலைகளுக்குச் சரக்கு இங்கிருந்து போகிறது. ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் அது இருக்கிறது. முன்பணம் கொடுத்த வியாபாரி வைப்பதுதான் விலை.

இந்தப் பெண்கள் முங்கும் இடம் சட்டப்படி யாருடையது என்பதுதான் சிக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டரும் 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. தாயும் பாட்டியும் பாசி எடுத்த இடத்தில் மகள் அத்துமீறி நுழைந்தவளானாள். வத்தையைப் பிடிப்பதும், பாசியைப் பறிமுதல் செய்வதும், அபராதமும் தொடங்கின.

இதற்கு அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஊர் ஊராகக் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, அமாவாசையை ஒட்டி ஆறு, பவுர்ணமியை ஒட்டி ஆறு. விசைப்படகுத் தடைக்காலத்தில் 45 நாள் பாசியும் எடுப்பதில்லை. பாறையைச் சுரண்டும் உலோகக் கருவி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீடுகள் இந்த முடிவை எடுத்தன. பல ஊர், பல சாதி, ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரு விதிக்குக் கட்டுப்படுவது எளிதா? எங்கள் நிறுவனத்தின் மூன்று மண்டல அலுவலகங்கள் ஒரே மாதிரி பயணப்படி விதியை ஒப்புக்கொள்ள இரண்டு ஆண்டு ஆனது.

இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் 'தலைமைத்துவப் பயிற்சி' கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2015ல் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு சீக்காலஜி விருது கிடைத்தது. தீவுகளின் சூழலையும் பண்பாட்டையும் காப்பவர்களுக்காகக் கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு அமைப்பு தரும் விருது அது. பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியதற்காக அமெரிக்கா வரை போய் வாங்கி வந்தார். அவருடைய போராட்டத்தில் எங்களுக்கு ஒரு பைசா பங்கும் கிடையாது. ஆனால் எங்கள் ஆண்டறிக்கையில் 'நாங்கள் பணிபுரியும் பகுதியில்' என்ற தந்திரமான சொற்றொடரோடு அந்தச் செய்தி ஏறியது. அந்த வரியைத் திருத்திக் கொடுத்தவள் நான்.

வெளிநாட்டுப் பணம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. வேளாண் மேம்பாட்டுக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு 1989ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் 1992–93ல் ராமநாதபுரத்துக்கு வந்தது. பிறகு தமிழகம் முழுவதும் மகளிர் திட்டமாக விரிந்தது. பெண்கள் கூடி உட்காரவும், வங்கிக்குள் நுழையவும், அதிகாரி முன் பேசவும் அது வழி திறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. என் அம்மாவே அப்படிப்பட்ட குழு ஒன்றில்தான் கையெழுத்துப் போடக் கற்றார். ஆனால் அங்கே சமத்துவம் என்பது கடனைத் தவணை தவறாமல் கட்டும் திறமையாகச் சுருங்கியது. 2002 முதல் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் மன்னார் வளைகுடாவுக்கு வந்தன. 'மாற்று வாழ்வாதாரம்' என்ற சொல் கரையெங்கும் பரவியது. மாற்று என்றால் எதற்கு மாற்று? கடலுக்கு மாற்று. ஊறுகாய் போடு, தையல் பழகு, கடலை விடு. விசைப்படகு முதலாளியிடம் போய் ஊறுகாய் போடச் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அதே காலத்தில் பெப்சி நிறுவனம் கப்பாபைக்கஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை ஒப்பந்த முறையில் வளர்க்க மகளிர் குழுக்களைச் சேர்த்தது. மூங்கில் மிதவை, வங்கிக் கடன், பெண் முன்னேற்றம் என்று எல்லாம் அழகாக இருந்தது. 2008ல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மீது அந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். கையால் பறித்த பெண்களைத்தான் பவளத்தை அழிப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

சரி, அலுவலகத்துக்குள் வருகிறேன். வெளியே நின்று கொள்கையைப் பற்றிப் பேசுவது எளிது, உள்ளே நடப்பதைச் சொல்வதுதான் கூசுகிறது.

எங்களுக்குப் பதினான்கு களப்பணியாளர்கள். எல்லாரும் பெண்கள். அந்தப் படத்தை நன்கொடையாளர்களுக்குப் பெருமையாகக் காட்டுவோம். அவர்களில் யாரும் 'ஊழியர்' அல்ல. எல்லாரும் 'ஆலோசகர்'. மாதம் 12,000 ரூபாய், அதுவும் சம்பளம் அல்ல, தொழில்முறைக் கட்டணம். பத்து சதவீத வரி பிடித்தம் போக மீதி கைக்கு வரும். வருங்கால வைப்பு நிதி கிடையாது, விடுப்பு கிடையாது. ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் ஒப்பந்தம் முடியும், ஏப்ரலில் புதுப்பிக்கப்படும். இரவு எட்டு மணிக்குக் குழுக் கூட்டம் முடித்துக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவள் எங்கே தூங்கினாள் என்று நான் கேட்டதில்லை. வருகைப் பதிவேடு வந்ததா என்று கேட்டிருக்கிறேன்.

அவர்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், மீனவக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. நிலவின் கணக்கை எங்கள் அட்டவணையில் சேர்க்கச் சொல்லி எனக்கு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். 2019ல் ஆறு மாதக் கர்ப்பம். மார்ச்சில் அவள் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் என்று கடிதத்தில் எதுவும் இல்லை. 'ஒப்பந்தக் காலம் நிறைவடைந்தது' என்ற ஒரே வரி. நீக்கவில்லை, முடிந்துவிட்டது, அவ்வளவுதான். 29ஆம் தேதி அவள் கையிலிருந்த டேப்லெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அந்தக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து.

மகப்பேறு நலச் சட்டம் 1961லேயே வந்தது. 2017ல் விடுப்பு 26 வாரமானது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்தால் போதும். தினக்கூலிப் பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000லேயே சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதைக் காட்டி மகப்பேறு பலனை மறுக்க முடியாது என்று 2023ல் கவிதா யாதவ் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. அரசு மருத்துவமனையிலும் மாநகராட்சியிலும் பெண்கள் வழக்குப் போட்டு வாங்கிய உரிமை இது. இதே சட்டத்தைப் பற்றி நாங்கள் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறோம். அதற்கான துண்டறிக்கையை எழுதியவளும் அவள்தான்.

இதைச் சொன்னால் இந்தத் துறையில் உடனே வரும் பதில்: "வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் கழுத்தை நெரிக்கிறது, நாங்கள் என்ன செய்ய?" நெரிக்கிறது, உண்மை. 2020 செப்டம்பர் திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதை அடியோடு தடை செய்தது. நேரடியாகப் பணம் திரட்ட வழி இல்லாத சிறிய பெண்கள் அமைப்புகள் இதனால் வறண்டன. அந்தச் சட்டத்தை எதிர்க்க வேண்டும், நானும் எதிர்க்கிறேன். ஆனால் அவளை நாங்கள் அனுப்பியது 2019ல். பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கச் சட்டம் அனுமதித்த காலத்தில் பாசிப் பெண்களின் கூட்டமைப்புக்கு எவ்வளவு கொடுத்தோம்? கூட்டத்துக்கு வந்துபோன பேருந்துக் கட்டணம். இன்றைய சட்டத்தைக் காட்டி நேற்றைய கணக்கை மூடக் கூடாது.

இன்னொரு பதில், "குறை இருக்கட்டும், நாங்களும் இல்லாவிட்டால் யார் இருக்கிறார்கள்?" 2018 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபாம் விவகாரம் வெடித்தது. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் அதன் ஊழியர்கள் செய்த பாலியல் முறைகேடுகள் 2011ல் உள்விசாரணையோடு அமுங்கி, ஏழு ஆண்டு கழித்துப் பத்திரிகை மூலம் வெளிவந்தன. அதே ஆக்ஸ்ஃபாம்தான் சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில், கடலூரில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு இறந்தார்கள் என்பதை உலகத்துக்குச் சொன்னது. நல்ல வேலையும் முறைகேடும் ஒரே கூரையின்கீழ் இருக்கும். நல்ல வேலை முறைகேட்டுக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. அந்தச் செய்தி வந்த சில வாரங்களில் எங்களுக்கும் பாதுகாப்புக் கொள்கை ஒன்று வந்தது. நாற்பது பக்க ஆங்கிலம். பதினான்கு பெண்களும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண் ஐரோப்பாவில் இருந்தது.

நான் வேலையை விட்ட பிறகு, 2022 மே மாதம், ராமேஸ்வரம் தீவில் பாசி எடுக்கப் போன ஒரு பெண் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அன்று இரவு எங்கள் பழைய 'இடர்ப் பதிவேட்டை' மடிக்கணினியில் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்நியச் செலாவணி மாற்றத்தால் வரும் இடர் இருந்தது. நிறுவனத்தின் நற்பெயருக்கு வரும் இடர் இருந்தது. கரையில் தனியாக நடந்துபோகும் பெண் எந்த வரிசையிலும் இல்லை.

இந்தத் துறையில் சொற்கள் மட்டும் அடிக்கடி மாறும். நான் சேர்ந்தபோது 'பயனாளி'. பிறகு 'பங்கேற்பாளர்', பிறகு 'உரிமையாளர்', கடைசியாக 'கூட்டாளி'. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேனரைப் புதிதாக அடித்தோம். நிர்வாகக் குழுவின் நாற்காலி மட்டும் மாறவில்லை. அதில் டெல்லி, லண்டன், ஓய்வுபெற்ற அதிகாரி, பேராசிரியர் எல்லாரும் இருந்தார்கள். கடலில் இறங்கிய ஒருத்திகூட இல்லை. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் யாரும் சொன்னதில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய தத்துவம் இல்லை. சமத்துவம் பேசும் நிறுவனம் தன் சம்பளப் பட்டியலைக் குழுக் கூட்டத்தில் தமிழில் வாசிக்கட்டும், இயக்குநரின் சம்பளம் உட்பட. களப்பணியாளரை ஊழியர் என்று எழுதட்டும். நிர்வாகக் குழுவில் பாதியாவது கரைப் பெண்கள் உட்காரட்டும், மொழிபெயர்ப்பு மற்றவர்களுக்குத் தேவைப்படட்டும். தேசியப் பூங்காவுக்குள் பாசி எடுக்கும் உரிமைக்காகப் பெண்கள் மனு கொடுக்கும்போது, 'அரசோடு உறவு கெடும்' என்று ஒதுங்காமல் அடுத்த கையெழுத்தைப் போடட்டும். சிறு அளவிலான மீன்பிடிப்பு பற்றிய 2014ஆம் ஆண்டு உலக உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டு நெறிகள் பாலினச் சமத்துவத்துக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கின்றன. அதை மேற்கோள் காட்டாத திட்ட முன்மொழிவு இல்லை. அதைச் சொல்லி ஒரு வனத்துறை அலுவலகத்தின் கதவைத் தட்டிய நிறுவனம் எது?

இப்படிப்பட்ட நிறுவனங்களில் வேலைக்குச் சேரப்போகும் மாணவிகள் பலர் இதைப் படிப்பீர்கள். சேருங்கள். நேர்முகத் தேர்வில் கடைசியாக "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். கடைசியாக இங்கே மகப்பேறு விடுப்பில் போன களப்பணியாளர் யார், அவர் திரும்பி வந்தாரா என்று கேளுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். மகளுக்கு இப்போது பள்ளிக்கூட வயது. அலுவலகத்தில் என்னை மேடம் என்றவள், இப்போது அக்கா என்கிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். டேப்லெட்டை வாங்கிய நாளை நான் 31 என்று எழுதியிருந்தேன். "31 இல்லக்கா, 29ஆம் தேதியே வாங்கிட்டீங்க. ரெண்டு நாள் கணக்க நோட்டுல எழுதி வச்சேன், அதுக்கும் காசு வரல."

தேதியைத் திருத்திவிட்டேன்.