மாட்டுக்கும் பசி நேரம் உண்டு!

"டாக்டர், மெஷின் தீனி போடுற பண்ணைப் பாலைக் குடிக்கலாமா? குழந்தைக்கு ஒத்துக்குமா?"

போன வாரம் ஒரு அம்மா கேட்டார். செல்போனில் யாரோ அனுப்பிய படத்தையும் காட்டினார். நெதர்லாந்தில் ஒரு பெரிய கொட்டகை. ஆள் நடமாட்டமே இல்லை. சிவப்பாக ஒரு பெட்டி வண்டி தானாக உருண்டு வந்து, தீவனத்தைக் கொட்டிவிட்டுத் தானாகவே திரும்பிப் போகிறது. மாடுகள் வரிசையாகக் கழுத்தை நீட்டிச் சாப்பிடுகின்றன.

சித்த வைத்தியன் என்றால் மெஷினைத் திட்டுவான் என்று அந்த அம்மா எதிர்பார்த்திருப்பார் போல. நான் திட்டவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்!

உங்களுக்கும் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு சிவலைப் பசு இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் கிராமம். மாட்டுப் பொங்கலன்று அதற்குக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டோம். தெருவில் உள்ளவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கல் ஊட்டினார்கள். நானே மூன்று வாழை இலை நிறைய வைத்தேன். ஆசை ஆசையாகத் தின்றது. மறுநாள் காலையில் அசைபோடவில்லை. வயிறு இடது பக்கம் உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. சாணம் தண்ணீராகப் போனது, புளித்த வாடை. மூன்றாம் நாள் விடியுமுன்னே போய்விட்டது. "கண்ணு பட்டுட்டு" என்றாள் ஆச்சி.

கண் படவில்லை. நாங்கள் ஊட்டிய பொங்கல்தான் கொன்றது. இது எனக்குப் புரிந்தது பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கும்போது, கால்நடை மருத்துவம் படித்த ஒரு நண்பன் சொல்லித்தான்.

மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் பானை மாதிரி. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் புளிக்க வைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருவது அவைதான். நார் மெதுவாகப் புளிக்கும். சோறும் வெல்லமும் மாவும் மளமளவென்று புளித்து அமிலமாகிவிடும். அமிலம் ஏறினால் நல்ல நுண்ணுயிர்கள் சாகும், மாடு சுருண்டுவிடும்.

இதற்கு இயற்கை வைத்திருக்கும் மருந்து என்ன தெரியுமா? எச்சில்! பெரிய கறவை மாடு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கிறது. அதில் நம் வீட்டுச் சமையல் சோடாவில் இருப்பது போன்ற காரம் இருக்கிறது. அதுதான் அமிலத்தை அடக்குகிறது. எச்சில் ஊற வேண்டுமானால் மாடு மெல்ல வேண்டும். மெல்ல வேண்டுமானால் நீளமான நார் வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடுவதெல்லாம் சும்மா பொழுது போகாமல் அல்ல!

இப்போது அந்தச் சிவப்பு வண்டிக்கு வருவோம்.

மேலைநாட்டுப் பண்ணைகளில் புல், மக்காச்சோளத் தட்டை, தானியம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து போடுகிறார்கள். மாடு என்ன செய்கிறது? நம் வீட்டுக் குழந்தை உப்புமாவில் முந்திரியை மட்டும் பொறுக்குகிற மாதிரி, மூக்கால் கிளறித் தானியத்தை முதலில் தின்கிறது. ஒரு நாளைக்கு ஒரே தடவை தீவனம் கொட்டினால், முட்டி மோதி முதலில் வருகிற மாடுகளுக்குத் தானியம் அதிகம். பயந்த மாடு கடைசியாக வரும்போது வெறும் தண்டுதான். முதல் மாட்டுக்கு அமிலத் தொல்லை, கடைசி மாட்டுக்குச் சத்துக் குறைவு. ஒரே தொட்டி, இரண்டு நோய்!

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கவனித்து 2005-ல் எழுதினார்கள். தீவனத்தைப் பல தடவையாகப் பிரித்துப் போட்டபோது, மாடுகள் நாள் முழுக்கப் பரவலாகச் சாப்பிட்டன. பொறுக்குவது குறைந்தது. பயந்த மாடுகளைத் துரத்துவதும் குறைந்தது. சிதறியதைத் தொட்டிப் பக்கம் தள்ளிவிடுவதை விட, புதிதாகத் தீவனம் போடுவதுதான் மாடுகளை எழுப்பி வரவழைக்கிறது என்பதையும் இதே குழுவினர் கண்டார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தீவனம் போட எந்த மனிதனால் முடியும்? மெஷினால் முடிகிறது. தொட்டியில் மிச்சம் எவ்வளவு உயரம் என்று அளந்து, குறைந்திருந்தால் புதிதாகக் கலந்து கொண்டுவருகிறது. எங்கள் ஆச்சி தொழுவுக்குப் பத்து நடை நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூளம் உதறிப் போட்டாளே... அந்த வேலைதான் இது. அதனால்தான் நான் திட்டவில்லை.

ஆனால் எனக்கும் ஒரு சண்டை உண்டு. அது பால் கறக்கும் ரோபோவோடு. 1992-லிருந்து நெதர்லாந்துப் பண்ணைகளில் இருக்கிறது. மாடு தானாக உள்ளே போகிறது, கறந்துகொள்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். பால் கறப்பதற்காகவா போகிறது? உள்ளே கிடைக்கும் அடர் தீவனத்துக்காகப் போகிறது! சுத்தமான லஞ்சம். லஞ்சத்தைக் கூட்டக் கூட்ட, நார் தின்னும் பசி குறையும். இங்கே அளவு தவறினால் என் சிவலைப் பசுவின் கதைதான், சிறிய அளவில், தினம் தினம். பாலில் கொழுப்பு குறைவதில் ஆரம்பித்துக் குளம்பு நோய் வரை போகும்.

இன்னொன்று. கழுத்துப் பட்டை மாட்டி, எந்த மாடு எத்தனை நேரம் தின்றது என்று கணினி எழுதிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. கன்று போட்டபின் கர்ப்பப்பை அழற்சி வந்த மாடுகள், கன்று போடுவதற்கு முந்தைய வாரமே குறைவாகத் தின்றிருந்தன என்று 2007-ல் வெளியான கனடா ஆய்வு காட்டியது. நானும் நோயாளியிடம் முதலில் "பசிக்குதா?" என்றுதானே கேட்கிறேன்! ஆனால் கணினி எழுதியதை யாராவது பார்க்க வேண்டுமே? பார்த்த பிறகு கொட்டகைக்குள் போய் மாட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டுமே? அந்த ஆள் இல்லாத பண்ணை என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆக, அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மெஷின் போட்டதா, கை போட்டதான்னு கேக்காதீங்க. மாடு என்ன தின்னுது, எப்படித் தின்னுதுன்னு கேளுங்க. பாலை நல்லாக் காய்ச்சிக் குடுங்க. அதோட, உங்க தெருவுல வர்ற மாட்டுக்கு நீங்க என்ன போடுறீங்க?"

"மீந்த சாதம்தான் டாக்டர். புண்ணியம்னு..."

பிடித்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மாட்டின் முன்னால் வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி, அதுவும் வைக்கோலோ புல்லோ தின்ற வயிற்றில். அகத்திக்கீரை ஒரு கட்டு வாங்கிப் போடுங்கள், அதில் புண்ணியம் குறையாது. தெரியாமல் நிறையத் தின்றுவிட்டால், அசைபோடுவது நின்றாலோ வயிறு உப்பினாலோ, உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள். கை வைத்தியம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். சித்த வைத்தியனே சொல்கிறேன்!

எங்கள் வீட்டில் இப்போதும் மாட்டுப் பொங்கலன்று பூஜை உண்டு. எலுமிச்சம்பழம் அளவு பொங்கல், ஒரு வாழைப்பழம், பிறகு ஒரு கட்டுப் புல். தங்கை மகன் வருஷா வருஷம் "மாமா, இன்னும் ஒரு உருண்டை" என்று கெஞ்சுவான். பானையை நான் உள்ளே எடுத்து வைத்துவிடுவேன்.