பஞ்சுக்கு அடியில் வேகும் வயர்



கொஞ்சம் நீளமான பதிவு. சீலிங் அடித்த வீட்டுக்காரர்களும் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன ஏப்ரலில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து அறைக்குள் நுழைந்தால் ஏதோ கருகுகிற வாசம். உம்மா ஓடிப்போய் அடுப்படியைப் பார்த்தா. அங்கே ஒன்றும் இல்லை. ஏசியை நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் வாசம் குறைந்தது. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து சீலிங் பலகையைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெக்கை தாங்காமல் இரண்டு மாதத்துக்கு முன்னர் சீலிங்குக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரித்திருந்தோம். ஏசிக்குப் போகும் வயர் அதற்கு அடியில் கிடந்தது. பஞ்சுக்கு வெளியே இருந்த வயர் புதுசு மாதிரி. உள்ளே கிடந்த துண்டு மட்டும் நிறம் மாறி, வளைத்தால் வெடிக்கிற அளவுக்கு விறைத்திருந்தது.

"வயர் நல்ல வயர்தான் சேர். பஞ்சைப் போட்டு மூடினதுதான் பிழை" என்றார்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மின்னோட்டம் போனால் கம்பி சூடாகும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிற ஆள் நான். பஞ்சு வெளிச் சூட்டை உள்ளே விடாது என்று காசு கொடுத்துப் போட்டேன். அதே பஞ்சு வயரின் சூட்டையும் வெளியே விடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். வீடுகளில் பிளக்குகளுக்கு நாங்கள் ஹார்ட்வெயாரில் 7/0.67 என்று கேட்டு வாங்குவது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். அதன் பி.வி.சி. உறை தாங்கக்கூடிய உச்சம் 70 பாகை செல்சியஸ். எங்கள் நாட்டுப் பொறியியலாளர்களும் பின்பற்றுகிற பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய ஒழுங்குவிதிப்படி, 30 பாகைச் சூழலில் சுவரில் திறந்தபடி அடித்த அந்த வயர் 27 அம்பியர் தாங்கும். அதே ஒழுங்குவிதி இன்னொன்றும் சொல்கிறது. வயரைச் சுற்றி 5 சென்டிமீற்றர் நீளத்துக்குப் பஞ்சு மூடினால் அதன் கொள்ளளவு நூற்றுக்கு 88 ஆகக் குறையும். 10 சென்டிமீற்றர் என்றால் 78, 20 என்றால் 63. அரை மீற்றருக்கு மேல் மூடினால் நேரே பாதி. எங்கள் 27 அம்பியர் இப்போது 13.5.

இன்னும் முடியவில்லை. சிலாபத்து வெயில் உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 5ஆம் திகதிக்கும் 14ஆம் திகதிக்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. அஸ்பெஸ்டோஸ் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடம் அப்போது அடுப்பு மாதிரி. அங்கே 50 பாகை என்று வைத்துக்கொண்டால், அதற்காக இன்னும் 0.71ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது ஒன்பதரை அம்பியர் சொச்சம். 24,000 பி.டி.யூ. ஏசி ஒன்று மட்டுமே ஏறத்தாழ 10 அம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டில் அதே வயரில் அயன் பண்ணுகிற பிளக்கும் இருந்தது. அது இன்னொரு 4 அம்பியர்.

"பிரேக்கர் இருக்குத்தானே, ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த வயருக்குப் போட்டிருந்தது 20 அம்பியர் பிரேக்கர். அது தன்னூடாகப் போகிற மின்னோட்டத்தை மட்டும்தான் பார்க்கும். 14 அம்பியர் அதற்கு ஒன்றுமே இல்லை, நாள் முழுக்கப் பேசாமல் இருக்கும். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது மின்கசிவை. மேலே பஞ்சுக்குள் வயர் வேகிறது என்று இரண்டுக்கும் தெரியாது.

யார் மேல் பிழை? யோசித்துப் பார்த்தேன். வயரிங் செய்தவர் வீடு கட்டின காலத்தில் சரியாகத்தான் செய்தார். அப்போது பஞ்சு இல்லை. ஏசி பூட்டினவர் வந்தபோதும் பஞ்சு இல்லை. சீலிங் பாஸ் பஞ்சை அழகாக விரித்துவிட்டுப் போனார். வயர் அவருடைய வேலை இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கண்டதே கிடையாது. மூன்று பேரையும் கண்ட ஒரே ஆள் வீட்டுக்காரனாகிய நான். ஆகவே கேட்டிருக்க வேண்டியதும் நான்தான்.

இது நாடு முழுக்க நடந்தால் என்னாகும் என்பதற்கு அவுஸ்திரேலியா உதாரணம். 2009இல் அரசாங்கமே காசு கொடுத்து வீட்டுக் கூரைகளுக்கு வெப்பக்காப்புப் போட ஆரம்பித்தது. பயிற்சி போதாத ஆட்கள் கூரைக்குள் ஏறினார்கள். நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள், அதில் மூவர் மின்சாரம் தாக்கி. அலுமினியப் படலத்தை அடித்த உலோக ஊசி வயரைத் துளைத்த சம்பவங்களும் அதில் உண்டு. வீடுகளிலும் தீப்பிடித்தது. 2010 பெப்ரவரியில் திட்டத்தையே நிறுத்தினார்கள். விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை 2014இல் வந்தது. இங்கேயும் கூரைத் தகட்டுக்கு அடியில் அதே மாதிரிப் படலம்தான் அடிக்கிறோம்.

வெப்பக்காப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெக்கை குறையும், கரண்ட் பில்லும் குறையும். என் வீட்டில் இப்போதும் பஞ்சு இருக்கிறது. வயரைத்தான் பஞ்சுக்கு மேலே தூக்கிக் கட்டி, ஏசிக்குத் தனியாக 7/1.04 வயர் இழுத்தோம். நான் கேட்பது இவ்வளவுதான்:

1. பஞ்சு விரிக்க முன்னர் எலக்ட்ரீஷியனையும் சீலிங் பாஸையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள். முடிந்தால் என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள எலக்ட்ரீஷியனாகப் பாருங்கள்.

2. வயரைப் பஞ்சுக்கு மேலே எடுங்கள். முடியாத இடத்தில் பெரிய வயர் போடுங்கள், அல்லது வயருக்கு ஏற்றபடி பிரேக்கரைக் குறையுங்கள். பிரேக்கர் விழுகிறது என்று பெரியதாக மாற்றுவது மட்டும் வேண்டாம்.

3. ரெஜிபோம் வயரில் முட்டக்கூடாது. முட்டினால் பி.வி.சி. உறையின் மென்மை போய் அது வெடிக்கத் தொடங்கும்.

4. படலம் அடிக்கும்போது மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

பள்ளி நிர்வாகத்தினருக்கு ஒரு விசேட வேண்டுகோள். பள்ளியில் நான்கைந்து ஏசிகளின் வயர்கள் ஒரே கட்டாகப் போவது வழக்கம். மூன்று சுற்று ஒன்றாகப் போனாலே கொள்ளளவு நூற்றுக்கு 70 ஆகிவிடும், அதற்கு மேல் பஞ்சும் வெயிலும். தராவீஹுக்கு எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும். இஃதிகாஃபில் ஆட்கள் அங்கேயே தூங்குவார்கள். அந்த உயிர்கள் உங்களிடம் உள்ள அமானிதம். ரமழானுக்கு முன்னர் ஒரு தடவை சீலிங்கைத் திறந்து பாருங்கள். பார்க்க ஒரு நாள் கூலிதான் போகும்.

தூங்கப் போகுமுன் விளக்கை அணைத்துவிடச் சொல்லித்தந்த மார்க்கம் எங்களுடையது. அந்தக் காலத்து விளக்கு கண்ணுக்கு முன்னால் எரிந்தது. எங்களுடையது சீலிங்குக்கு மேலே, நாங்களே போர்த்திவிட்ட போர்வைக்குள். எங்கள் வீட்டில் வாசம் வந்தபோது எல்லோரும் விழித்திருந்தோம், அல்ஹம்துலில்லாஹ். அது நடுச்சாமத்தில் வந்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது.

சீலிங் அடிக்கப்போகிற ஒருவருக்காவது இதை அனுப்பிவிடுங்கள்.