பாவம் பார்த்தே படுக்க வைக்கிறோம்

பூனாவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பிசியோதெரபி வேலை. ஆஸ்பத்திரி பேர் வேண்டாமே.

போன மாசம் ஒரு மராட்டிப் பாட்டி. 74 வயசு. இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆனவங்க. காலை ஊன்றி நடக்கலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. காலையில வாக்கரைப் பிடிச்சு பத்தடி நடந்தாங்க. சாயங்காலம் போனா, படுக்கையிலேயே பெட்பேன்.

"பாத்ரூம் நாலு எட்டுதானே, ஏன் சிஸ்டர்?"

"பாவம் சார், வலிக்குதுன்னாங்க. விழுந்துட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

கோபம் வந்தது. அப்புறம் யோசிச்சா, அவங்க சொன்னதுல தப்பே இல்லை. பாட்டி விழுந்தா சிஸ்டருக்கு மெமோ. படுத்தே கிடந்து கால் சூம்பிப் போனா? யாருக்கும் மெமோ இல்லை. 'வயசாயிடுச்சு'ன்னு முடிச்சிடுவோம்.

2007-ல ஜாமா இதழ்ல ஒரு சின்ன ஆய்வு வந்தது. ஆரோக்கியமான முதியவங்க பத்தே நாள் படுக்கையில இருந்ததுக்கே கால்கள்ல கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிடுச்சாம். நோயில்லாதவங்களுக்கே இந்தக் கதி!

வீட்டுக்காரங்களும் சும்மா இல்லை. ஊட்டி விட்டா 'நல்ல சிஸ்டர்'. 'நீங்களே சாப்பிடுங்க, எழுந்து உட்காருங்க'ன்னா 'இரக்கமில்லாத சிஸ்டர்'. இதுல ராத்திரி முப்பது கட்டிலுக்கு ரெண்டு பேர். பெட்பேன் வைக்க ரெண்டு நிமிஷம், நடத்திக் கூட்டிப்போக பதினஞ்சு நிமிஷம். நீங்களா இருந்தா எதைச் செய்வீங்க?

என் பங்கும் இருக்கு. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் நடக்க வச்சுட்டு, மிச்ச நேரத்தைப் பத்தி நான் கவலைப்பட்டதே இல்லை. 'நடை பிசியோ வேலை'ன்னு அவங்க நினைச்சா, அப்படி நினைக்க வச்சது நான்தான்.

மறுநாள் சிஸ்டரைப் பக்கத்துல நிக்க வச்சு, எங்கே பிடிக்கணும், எப்படித் திருப்பணும்னு காட்டினேன். மூணாவது நாள் ரெண்டு பேரும் நான் இல்லாமலே பாத்ரூம் போயிட்டு வந்தாங்க.

நான் கேக்கறது ரெண்டுதான். மாத்திரை கொடுத்தா சார்ட்ல டிக் போடற மாதிரி, நடக்க வச்சதுக்கும் ஒரு கட்டம் வேணும். முறையாப் பிடிச்சு நடத்தும்போது சறுக்கினா சிஸ்டர் தலையை உருட்டக் கூடாது.

உங்க வீட்டுப் பெரியவங்க ஆஸ்பத்திரியில இருந்தா, 'எழுந்திரிங்க'ன்னு அதட்டற சிஸ்டருக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வாங்க.