பிடி தளரட்டும், ஆட்டம் தொடரட்டும்

மேசைப்பந்து ஆடி முழங்கை வலியோடு எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவிற்கு வருவோரிடம், “இனி மட்டையைத் தொடாதீர்கள்” என்று சொல்லி அனுப்புவதே முன்பு எங்கள் வழக்கம். அது எளிய அறிவுரை. சரியான அறிவுரையன்று என இன்று கருதுகிறோம். அவ்வாறு ஆட்டத்தை நிறுத்திய ஓய்வுபெற்ற ஒருவர், ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்தார். முழங்கை வலி நீங்கியிருந்தது. ஆனால் உடல் எடையும் சர்க்கரை அளவும் கூடியிருந்தன. மாலையில் வெளியே செல்வதையே அவர் விட்டுவிட்டிருந்தார்.

பந்தின் எடை 2.7 கிராம்தான். அதைத் திருப்பி அனுப்பப் பெரும் வலிமை வேண்டியதில்லை. ஆயினும் பலர் மட்டையைக் கடப்பாரைபோல் இறுகப் பற்றுகின்றனர். விரல்கள் இறுகும்போதெல்லாம் மணிக்கட்டை நிலைநிறுத்த முன்கையின் பின்புறத் தசைகளும் இறுகுகின்றன. அத்தசைகளை முழங்கையின் வெளிப்புற எலும்போடு இணைக்கும் தசைநாண், ஓயாமல் இழுபட்டு நலிவடைகிறது. ‘டென்னிஸ் எல்போ’ என்பது இதுவே.

கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடிப்பவர்களுக்கு, கட்டைவிரல் ஒருபுறமும், சுட்டுவிரல் மறுபுறத்தில் ரப்பரின் கீழ்விளிம்பை ஒட்டியும் இருக்கவேண்டும். மற்ற மூன்று விரல்கள் கைப்பிடியைத் தழுவியிருந்தால் போதும். அருகிலிருப்பவர் மெல்ல இழுத்தால் மட்டை சற்று அசையவேண்டும். பந்தைத் தொடும் கணத்தில் பிடி இறுகலாம், உடனே தளரவேண்டும். வியர்வையில் மட்டை வழுக்குமோ என்ற அச்சமும் கையை இறுக்குகிறது. துண்டு ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்; 6 புள்ளிகளுக்கு ஒருமுறை துடைத்துக்கொள்ள ஆட்ட விதிகளே இடம் தருகின்றன.

எனினும், பிடி இறுகுவதன் வேர் பெரும்பாலும் கண்ணில் இருக்கிறது என்பதே எங்கள் எண்ணம். வேகமான ஆட்டத்தில் பந்து மேசையைக் கடக்க அரை நொடிகூட ஆவதில்லை. கண்டதற்கு ஏற்பக் கை அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. வயது ஏற ஏற அது இன்னும் கூடும். பந்து வலையைத் தாண்டிய பிறகே விழித்துக்கொள்பவர், பதறி மட்டையை நெரித்து வீசுகிறார். எதிராளியின் தோள் எப்பக்கம் திரும்புகிறது, அவர் மட்டை பந்தின் மேற்புறத்தைத் தொடுகிறதா, அடிப்புறத்தைத் தொடுகிறதா என்று பார்க்கப் பழகுங்கள். சர்வீஸின்போது பந்தை உடலால் மறைப்பதை 2002ஆம் ஆண்டு விதிமாற்றம் தடுத்துவிட்டது. கவனிப்பவருக்கு அது பெரிய உதவி. முதல் சில நாட்கள் புள்ளிகளை எண்ணாமல், பந்து எங்கு வரும் என்று வாய்விட்டுச் சொல்லியே ஆடலாம். நண்பர்கள் நகைப்பார்கள், பரவாயில்லை.

வலி கடுமையாக இருக்கும்போது இவற்றைத் தொடங்கவேண்டாம். விரல்கள் மரத்துப்போனாலோ, தேநீர்க் கோப்பையைத் தூக்கவே வலித்தாலோ முதலில் மருத்துவரைக் காணுங்கள்.

மேற்சொன்ன பெரியவர் பயிற்சிச் சிகிச்சைக்குப்பின் இப்போது வாரம் மூன்று நாள் ஆடுகிறார். இன்னும் பெரும்பாலும் தோற்பதாகவே சொல்கிறார்.