குளிர் காயத் தீ வேண்டாம்!

மார்கழி, தை மாதங்களில் மலை ஏறும் ஆசை பலருக்கு வருகிறது. முதுகில் ஒரு பை. அதில் போர்வையும் கட்டுச்சோறும். சனிக்கிழமை புறப்பட்டால் ஞாயிறு மாலை வீடு திரும்பிவிடலாம். நல்ல பழக்கம்தான். உடம்புக்கு உழைப்பு; மனதுக்கு உற்சாகம்!

ஆனால், இருட்டியதும் ஒருவர் சுள்ளி பொறுக்குகிறார். இன்னொருவர் தீக்குச்சி கிழிக்கிறார். "குளிருக்குக் கொஞ்சம் தீ மூட்டினால் என்ன?" என்கிறார்.

என்ன ஆகும்? மலையே பற்றிக்கொள்ளும்!

பனி செய்யும் வேலை

"பனிக் காலத்தில் காடு எப்படி எரியும்?" என்று கேட்கலாம்.

நீலகிரியைப் பாருங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரமான இடம். மேகம் இல்லாத இரவில் தரையின் சூடு வெளியேறிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்தில் இறங்கித் தங்குகிறது. விடியும்போது, உப்பைத் தூவியதுபோல் புல் மீது உறைபனி படிந்திருக்கும்.

கண்ணுக்கு அழகு. புல்லுக்கு எமன்! உறைபனி பட்ட புல் கருகிவிடுகிறது. பிறகு வெயில் அதைக் காய வைக்கிறது. மலைச்சரிவு முழுவதும் வைக்கோல் போல் ஆகிவிடுகிறது. அதற்கு ஒரு பொறி போதும்.

புல்வெளியை அடுத்து, மலை மடிப்புகளில் இருப்பது சோலைக்காடு. ஓடைகளுக்கு நீர் தரும் காடு அது. சோலை மரம் மெதுவாக வளரும். தீயில் கருகினால், பேரன் காலத்திலும் பழைய காட்டைப் பார்க்க முடியாது.

23 உயிர்கள்

காட்டுத் தீ மனிதரையும் விடாது. 2018 மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது? மலையேறச் சென்ற குழுவினர் தீயில் சிக்கினர். 23 பேர் உயிர் இழந்தனர். சரிவில் மேல் நோக்கிப் பாயும் தீயை மனிதனால் ஓடி வெல்ல முடியாது.

வேறு வழி உண்டு

தீ இல்லாமலே குளிரைத் தாங்கலாம். வியர்வையில் நனைந்த சட்டையை உடனே மாற்ற வேண்டும். ஒரு கனத்த உடையைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்று நல்லது. பள்ளத்தில் படுக்கக் கூடாது. அடியில் கெட்டியான விரிப்பு வேண்டும். மது குடித்தால் சூடு ஏறுவதுபோல் தோன்றும். உண்மையில் உடம்பின் சூடு குறையும்!

வனத்துறையின் அனுமதியும், வழி தெரிந்த துணையும் அவசியம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவதும், அங்கே தீ மூட்டுவதும் குற்றம்.

ஓர் இரவுக் குளிரைப் போர்வை தாங்கும். அதற்காக ஒரு காட்டை எரிக்கலாமா?